உப்பு லாரியில் வந்த பாசி

உப்பு லாரி கல்கிணற்றுத் தோட்டத்துக் களத்தில் வந்து நின்றபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள்தாம்: தோட்டத்துக்காரர் ஆறுச்சாமி, அவர் மனைவி ரங்காத்தாள், மகள் சுப்புலட்சுமி, ஆறுச்சாமியின் தம்பியும் சாயப்பட்டறை முதலாளியுமான கிட்டுசாமி, தோட்டத்தில் வேலை செய்யும் நல்லான், அவன் மனைவி மயிலாள், லாரியை ஓட்டி வந்த தூத்துக்குடிக்காரர் ஜெபமணி. வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் வந்தது பாசி வாடை ஊருக்குள் அடித்த பிறகு.

1994ஆம் வருஷத்து ஆடி மாதம். பெருமாநல்லூருக்கு வடக்கே அந்தப் பக்கமெல்லாம் ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக வேண்டும் என்பதால் தூத்துக்குடியிலிருந்து கிட்டுசாமியின் பட்டறைக்கு வாடிக்கையாக உப்பு லாரி வரும். அந்த லாரியில்தான், உப்பை இறக்கியபின் மீதி இருந்த சாக்குகளோடு, ஜெபமணி தோட்டத்துக்கு வந்திருந்தார். தன் லாரி எங்கே திரும்புகிறது என்று பார்க்க கிட்டுசாமியும் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தார்.

"தாயி, நீங்க சொன்ன கணக்கா கரையில ஒதுங்குன பாசிதான். காய வச்சு அள்ளியாந்திருக்கேன்" என்றார் ஜெபமணி, ரங்காத்தாளிடம். "சீக்கிரமா எறக்கிக்கிடுங்க. இந்த வாடையில ஒரு வாரத்துக்கு நான் வண்டியில உக்காந்து சோறு திங்க முடியாது."

நல்லான் ஒரு சாக்கைப் பிரித்தான். பழுப்பும் கறுப்புமாக, சடை பிடித்த தலைமயிர்போல உள்ளே சுருண்டு கிடந்தது. சுப்புலட்சுமி தாவணித் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். மயிலாள் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனாத்தா, இதக் கொளம்பு வெக்கோணுமா, மாட்டுக்குப் போடோணுமா?" என்றாள்.

"மண்ணுக்குப் போடோணும்" என்றாள் ரங்காத்தாள்.

அண்ணியை நங்கையா என்று கூப்பிடும் கிட்டுசாமி சிரித்தார். வேட்டி மடிப்புக் கலையாத, சத்தமில்லாத சிரிப்பு. "நல்லாருக்குதுங் நங்கையா. நாங்க உப்பக் கொட்டி ஊரக் கெடுத்தோம்னு பேசறீங்க. இப்ப நீங்களே கடலக் கொண்டாந்து களத்துல எறக்கிப்போட்டீங்க."

"உங்க உப்பு துணிக்குங் கொழுந்தனாரே. இது மண்ணுக்கு. நல்ல மழைல ஒருக்கா நனைஞ்சா மேலுப்பு போயிரும். உள்ள இருக்கறது சத்து."

"மண்ணுதான் செத்துப் போச்சுங்களே."

"செத்துப்போச்சுன்னு நாடி புடிச்சுப் பாத்தது யாரு? நீங்களா?"

கிட்டுசாமி அவளை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்களே சொல்லுங்க. பட்டறைக் கழிவுத்தண்ணியத் தேக்கறக்கு ஒரு தொட்டி கட்டோணும். இல்லீன்னா அதிகாரி வந்து பட்டறையப் பூட்டிப்போடுவான். எனக்கு இந்த வடவயலும் கெணத்துமேடும் இருந்தாப் போதும். வெளையாத பூமிய வெச்சுட்டு என்னண்ணா பண்றது? என்ற பட்டறைல எத்தன குடும்பம் சோறு திங்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊரில் பாதி அவர் பட்டறையிலும் அவர் கூட்டாளியின் பனியன் கம்பெனியிலும்தான் பிழைத்தது. சுப்புலட்சுமிகூட அந்தக் கம்பெனி ஆபீசில்தான் வேலை பார்த்தாள்.

ஆறுச்சாமி உரத்துப் பேசத் தெரியாதவர். தம்பியை மடியில் வைத்து வளர்த்தவர். "தை நோம்பி வரைக்கும் பொறு சாமி" என்றார். "பட்டிப் பொங்கலன்னிக்கு அந்த வயல்ல நாலு பேரு கண்ணால பாக்கற மாதிரி வெள்ளாமை நின்னா சரி. இல்லீன்னா உன்ற கையில குடுத்தர்றேன். உங்க நங்கையாளும் கேட்டுக்கட்டும்."

"கேட்டுட்டேனுங்" என்றாள் ரங்காத்தாள். "நோம்பிக்கு வாங்க கொழுந்தனாரே. வராம இருந்தறாதீங்க."

கல்கிணற்றுக் குடும்பத்தைப் பற்றி இந்தக் காலத்தில் வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் உண்டு. அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது பணம் அல்ல, கிணறு. ஆறுச்சாமியின் பாட்டனார் பாறையை உடைத்து வெட்டிய கிணறு. சுற்று ஊரெல்லாம் வறண்ட வருஷத்திலும் அதில் ஊற்று நிற்கவில்லை. யார் வந்து குடம் நீட்டினாலும் இல்லை என்று சொன்னதில்லை. "கல்கிணத்துக்காரங்க ஊடு" என்றால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் வேறு விசாரணை தேவைப்படாது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் ரங்காத்தாள் நிமிர்ந்துதான் நடந்தாள். தலையில் புல்லுக்கட்டு இருந்தாலும் அப்படித்தான் நடந்தாள்.

ஓடையின் மேற்கரையில் கிட்டுசாமி பட்டறை போட்டபின் கிணறு மெல்ல மெல்ல மாறியது. முதலில் சோப்பு நுரைக்கவில்லை. பிறகு துவரை வேகவில்லை. பிறகு மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டது. வயலில் நீர் பாய்ந்து காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. மண் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் கேட்டது.

அந்த வைகாசியில் சுப்புலட்சுமியைப் பெண் பார்க்க சோமனூரிலிருந்து ஒரம்பரை வந்தார்கள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். அதைக் குடித்த பிறகுதான் பேச்சு. குடிக்காமல் வைத்தால் உறவு வேண்டாம் என்று பொருள். பஞ்சாயத்துக் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. ரங்காத்தாள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டி வெண்கலச் சொம்பில் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நேரமாச்சுங், கெளம்பறோம்" என்றார்.

கல்கிணற்று வீட்டில் ஒருவர் சொம்பைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. ரங்காத்தாள் அழவில்லை. அந்தச் சொம்பைப் புளிபோட்டு விளக்கி, பரண்போல இருந்த அட்டத்தில் கவிழ்த்து வைத்தாள்.

பாசியை அவள் கண்டுபிடித்துவிடவில்லை. மாமியாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய ராமேசுவரம் போயிருந்தபோது, மற்றவர்கள் சங்கு வாங்க, இவள் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் மணல். சுற்றிலும் உப்புக் காற்று. ஆனால் தென்னம்பிள்ளை ஒவ்வொன்றின் தூரிலும் பாசியைக் குவித்திருந்தார்கள். மட்டை கருகருவென்று இருந்தது. அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டு வைத்துக்கொண்டாள். உப்பங்கரையில் வளர்கிறது நம் ஊரில் வளராதா என்பது அவள் எண்ணம். அவ்வளவுதான்.

வேலை ஆரம்பமாயிற்று. கிணற்றுக்குக் கிழக்கே இருந்த சரிவான பாறையில் பாசியைப் பரப்பினார்கள். ஆடிச்சாரலிலும் ஆவணியில் விழுந்த மழையிலும் அது நனைந்து வடிந்தது. ரங்காத்தாள் தினமும் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"இன்னும் கரிக்குது" என்பாள்.

"ஏனாத்தா, பத்தியம் கெடக்கறவங்களாட்ட தெனத்திக்கும் திங்கறீங்களே" என்பாள் மயிலாள். "பொறகு கொம்பு மொளைக்கப் போவுது."

"மொளைச்சா முட்டறக்கு ஆளு இருக்குது" என்பாள் ரங்காத்தாள்.

வாடை ஊரைச் சுற்றி வந்தது. சுப்புலட்சுமி கம்பெனியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா இது. டெய்லருக எல்லாம் 'உங்க ஊட்டுல கருவாட்டுக் கடை போட்டிருக்கீங்களா'ன்னு கேக்கறாங்க. செக்கிங் பிள்ளைக மூக்கப் புடிச்சுட்டுச் சிரிக்குதுக."

"சாயத்தண்ணி நாத்தத்துல மூக்கப் புடிக்காதவிய இதுக்கு எதுக்குக் கண்ணு புடிக்கறாங்க? களி ஆறுது, போயித் தின்னு."

கரிப்பு அடங்கியதும், கொடுவாளால் துண்டு துண்டாக வெட்டி ஊறப்போட வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. அந்தப் பகுதியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு நீல டிரம் இருக்கும். சாயப்பட்டறைக்கு மருந்து வரும் பிளாஸ்டிக் டிரம். காலியானதும் வீடுகளுக்கு வந்துவிடும். குடிதண்ணீர் பிடித்து வைப்பார்கள், தவிடு போட்டு வைப்பார்கள், கல்யாண வீட்டில் ரசம்கூட ஊற்றி வைப்பார்கள். அது எதற்கு வந்த டிரம் என்று யாரும் கேட்பதில்லை. ஆறுச்சாமியும் தம்பி பட்டறையிலிருந்து ஒன்றை உருட்டி வந்து, அலசி, மனைவியிடம் கொடுத்தார். அவளும் கேட்கவில்லை. பாசியை அதில் ஊறப்போட்டாள். இடம் போதாமல் மிஞ்சியதை மயிலாள் பழைய கல்தொட்டியில் தள்ளி மழைத்தண்ணீரை ஊற்றி வைத்தாள்.

புரட்டாசியில் வடவயலின் ஒரு பாகத்தில் ராகி நாற்று நட்டார்கள். நாற்று வேர்பிடித்ததும் டிரம்மில் ஊறிய சாற்றை வடித்து, தண்ணீர் கலந்து, வேப்பங்கொத்தால் தெளித்தார்கள். மறுநாள் நுனி வெளுத்தது. அதற்கடுத்த நாள் இலை தீய்ந்தது. வாரம் முடிவதற்குள் வயல் அடுப்புச் சாம்பல் கொட்டியதுபோல் ஆகிவிட்டது.

ஊர் பேசியது. ரங்காத்தாள் உப்பைக் கொட்டித் தன் பூமியைத் தானே கருக்கிவிட்டாள் என்றது. கிட்டுசாமி நேரில் வந்தார். வரப்பில் நின்று பார்த்துவிட்டு, மெய்யான வருத்தத்தோடுதான் சொன்னார்: "வேண்டாமுங் நங்கையா. உடம்பப் போட்டு அலட்டிக்காதீங்க. நம்ம அப்பன் பாடுபட்ட பூமிதான். எனக்கு மட்டும் வயிறு எரியாதா? ஆனாக் காலம் போச்சுங்."

"தை நோம்பி இன்னும் வல்லீங்" என்றாள் ரங்காத்தாள்.

அன்று ஆறுச்சாமி சாப்பிடவில்லை. "உட்டுரு ரங்கா" என்றார். "ஊரு சிரிக்குது."

"ஊரு சிரிச்சா ஊருக்குப் பல்லு இருக்குதுன்னு அர்த்தம். நீங்க எந்திரிச்சுச் சாப்புடுங்க."

அவள் தைரியமாகத்தான் பேசினாள். ஆனால் வயலுக்குப் போகக் கால் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் சாணி அள்ளுவதுமாகச் சாளைக் கொட்டகையைச் சுற்றியே நின்றாள். அப்படி நிற்கும்போதுதான் கல்தொட்டிப் பக்கம் பார்வை போயிற்று. தொட்டியில் ஒரு விரிசல் உண்டு. அதன் வழியாகக் கசிந்த நீர் ஒரு அவரைக் கொடியின் தூருக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் செத்துப்போனதாக விட்ட கொடி அது. இப்போது வேலிமேல் ஏறி உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தது. தூரில் மண்ணைக் கிளறினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. அந்தத் தோட்டத்தில் மண்புழுவைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

"மயிலா, இந்தத் தொட்டில என்ன போட்ட?"

"அதே பாசிதாங்காத்தா. டிரம்முல எடமில்லீன்னு மிச்சத்தப் போட்டேன். எதுக்குங், தப்புங்களா?"

ரங்காத்தாள் நேரே டிரம்மிடம் போனாள். கவிழ்த்தாள். அடியில் வெள்ளையாகப் பக்குக் கட்டியிருந்தது. விரலால் தொட்டாள். தொட்ட விரல் வழுவழுவென்று வழுக்கி, பிறகு எரிந்தது. கழுவக் கழுவ எரிந்தது.

"பாசி பாவம்டீ" என்றாள். "நாமதான் பாவத்துல ஊறப்போட்டுட்டோம்."

டிரம்மைக் கழுவினாள். உருட்டிக்கொண்டு நடந்தாள். நல்லான் ஓடிவந்து, "குடுங்காத்தா, நா வண்டில போட்டுட்டுப் போறேன்" என்றான். அவள் கொடுக்கவில்லை. உச்சிவெயிலில் தோட்டத்துத் தடத்தில் இறங்கி, பஸ் நிற்கும் ரோட்டில் ஏறி, பனியன் கம்பெனி வாசலைத் தாண்டி, நடு ரோட்டில் கடகடவென்று உருட்டிக்கொண்டு போனாள். சாப்பாட்டு நேரம். கம்பெனிப் பெண்கள் தூக்குப் போசியோடு நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் சுப்புலட்சுமியும் நின்றாள். தலையைக் குனிந்து உள்ளே போய்விடுவாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் போகவில்லை. போசியைத் தோழி கையில் கொடுத்துவிட்டு, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மாவோடு சேர்ந்து டிரம்மைத் தள்ளினாள்.

பட்டறை வாசலில் கிட்டுசாமி நின்றிருந்தார். "என்னுங் நங்கையா, டிரம்மு ஓட்டையா?"

"ஓட்டை இல்லீங். உங்க சாமான் உங்ககிட்டயே இருக்கட்டும். இதுல இருந்த மருந்துதான் என்ற நாத்தக் கொன்னுது. பாசி கொல்லுல."

"இந்த ஊருல எந்த ஊட்டுல எங்க டிரம்மு இல்லீங்? குடிக்கற தண்ணியவே அதுலதான் புடிக்கறாங்க."

"அதுக்குத்தான் ரோட்டு வழியா உருட்டிட்டு வந்தேன். பாக்கறவிய பாக்கட்டும்."

"இதச் சொல்லியனுப்பியிருந்தா ஆள உட்டு எடுத்திருப்பேனுங்களே. கல்கிணத்து ஊட்டுப் பொம்பள ரோட்டுல டிரம்ம உருட்டறது நமக்குப் பெருமைங்களா?"

ரங்காத்தாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "பெருமையப் பத்தி நோம்பியன்னிக்குப் பேசலாமுங்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

நாற்றங்காலில் இன்னும் கொஞ்சம் நாற்று மிச்சம் இருந்தது. பாறைமேல் பாசியும் இருந்தது. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழைதான் பாதி வேலையைச் செய்தது. வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரை வயலில் நிற்கவிட்டு, உப்பைக் கரைத்து ஓடைப் பக்கம் வடித்தார்கள். மட்கிய பாசியைச் சாணிக் குப்பையோடு கலந்து கூடை கூடையாகச் சுமந்து போட்டார்கள். ஆறுச்சாமி ஏர் கட்டினார். முதல் நாள் கலப்பைக் கொழு மண்ணில் இறங்காமல் சறுக்கியது. மழை இரண்டு விழுந்தபின் இறங்கியது. மண் பிளந்து திரும்பியபோது அவர் ஏரை நிறுத்திவிட்டு ஒரு கட்டியைக் கையில் எடுத்து நசுக்கினார். உடைந்தது. மறுபடி ஓட்டினார். அன்று களி இரண்டு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கல்தொட்டியிலும் மண் மொடாவிலும் ஊறிய சாற்றைத்தான் இந்தத் தடவை தெளித்தார்கள். மயிலாளும் ரங்காத்தாளும் ஆளுக்கொரு வேப்பங்கொத்தோடு வரப்பில் நடப்பார்கள். இருந்த பாசி போதுமானதாக இருந்தது வடவயலில் கால்வாசிக்குத்தான். மீதி வயலில் வெறுமனே நட்டார்கள். வித்தியாசம் கார்த்திகையிலேயே தெரிந்தது. இந்தப் பக்கம் தூர் கட்டிக் கருத்து நின்றது. அந்தப் பக்கம் மஞ்சள் பாரித்து, முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சவே வேண்டியிருக்கவில்லை என்று சொல்ல முடியாது. மார்கழியில் மழை நின்றபின் மனமில்லாமல்தான் பாய்ச்சினார்கள். ஆனால் பாசி போட்ட மண் ஈரத்தைப் பிடித்து வைத்ததால் கொஞ்சம் பாய்ச்சியதே போதுமாயிருந்தது.

தை பிறந்தது. கதிர் விரல் மடக்கியதுபோல் முற்றி நின்றது.

பட்டிப் பொங்கல் அந்தக் குடும்பம் முழுவதுக்கும் கல்கிணற்றுத் தோட்டத்துத் தொண்டுப்பட்டியில்தான் வழக்கம். மாடு கட்டும் இடத்தில் சாணியால் வரப்புப் பிடித்துச் சின்னத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் நிரப்பி, ஆவாரம்பூ போட்டு, கன்றை மிதிக்க விடுவார்கள். போன வருஷம் அந்தக் குளத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியபோது கன்று கால் வைக்காமல் பின்வாங்கியது. இந்த வருஷம் ரங்காத்தாள் மழைத்தண்ணீரை மொடாவில் பிடித்து வைத்திருந்தாள். கன்று மிதித்துத் தாண்டியது. பட்டிக் கம்பத்தில் ராகிக் கதிர்க் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். புது ராகி, வடவயல் ராகி.

பொழுது சாயும் நேரத்துக்குக் கிட்டுசாமி வந்தார். சொன்ன கெடு தவறாமல் வந்தார். அதுவும் அந்தக் குடும்பத்து ரத்தம்தான். கதிர்க் கட்டைப் பார்த்தார். நடந்து போய் வயலையும் பார்த்துவிட்டு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"கால்வாசிதானுங் நங்கையா வந்திருக்குது" என்றார்.

"கால்வாசிக்குத்தான் பாசி இருந்துதுங்."

"முழுசுக்கும் போட எத்தனை லாரி கடல் வேணுமுங்? அண்ணா, ஒரு வெள்ளாமைய வெச்சு முடிவு பண்ண முடியுமா? அடுத்த மழை பொய்ச்சா? நானு கேக்கறது—"

"இருங் கொழுந்தனாரே" என்றாள் ரங்காத்தாள். "வந்தவங்களுக்கு இன்னும் தண்ணி குடுக்கல."

உள்ளே போனாள். அட்டத்தில் கவிழ்த்திருந்த வெண்கலச் சொம்பை எடுத்தாள். வைகாசிக்குப் பிறகு அதை யாரும் தொட்டதில்லை. கிணற்றடிக்குப் போய், தானே சேந்தி, சொம்பு நிறையக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். காய்ச்சவில்லை. வடிகட்டவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் தண்ணீர் இலேசாகச் செந்நீலமாகத் தெரிந்தது.

கிட்டுசாமி சொம்பைப் பார்த்தார். அந்தக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர். பட்டியைச் சுற்றி நின்ற பங்காளிகள் நெருங்கி வந்தார்கள். அவர் கை தன்னையறியாமல் நீண்டு சொம்பை வாங்கிவிட்டது. வாங்கியபின் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நம்ம ஊட்டுத் தண்ணிங்" என்றாள் ரங்காத்தாள். "உங்க பாட்டனாரு வெட்டுன கெணறு. குடிங்க. குடிச்சுப்போட்டுத் தொட்டியப் பத்திப் பேசலாம்."

கிட்டுசாமி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எப்போதும் தம்பிக்காகப் பேசுகிறவர். சின்ன வயதில் தம்பி செய்த தப்புக்கெல்லாம் அடி வாங்கியவர்.

ஆறுச்சாமி மாட்டின் கழுத்தில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். குரல் உயரவில்லை.

"குடி சாமி" என்றார். "குடிச்சயின்னா வயலு உனக்கு. இப்பவே கைநாட்டு வெச்சுக் குடுத்தர்றேன்."

எங்கோ கம்பெனிச் சங்கு ஊதியது. கிட்டுசாமி சொம்பை உதட்டருகே கொண்டுபோனார். நிறைந்த சொம்பு தளும்பித் தண்ணீர் வேட்டியில் சிந்தியது. சிந்திய இடத்தில் நிறம் பிடித்தது.

ஆறுச்சாமி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பட்டிக் கம்பத்தில் தொங்கிய கதிர்க் கட்டை அவிழ்த்து மனைவி கையில் கொடுத்தார். "இது வெதைக்கு. பத்தரமா வெய்யி" என்றார். பிறகு நல்லானிடம், "தூத்துக்குடி லாரி எப்ப வருதுன்னு கேட்டு வெய்யிடா. அடுத்த தடவை ரண்டு பங்கு வேணும்" என்றார்.

வடவயல் பட்டறைக்குப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. பாசியும் பிறகு வருஷாவருஷம் வந்தது.

பங்காளிகள் மூலமாக ஒரு பேச்சு உலவுகிறது. கிட்டுசாமி அன்று அண்ணன் சொல்லைத் தட்ட முடியாமல் அந்தச் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டார் என்றும், குடித்தும் அண்ணன் வயலைக் கொடுக்காமல் பேச்சு மாறிவிட்டார் என்றும் சொல்கிறார்கள்.

அவர் குடிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்தார்.